மறுகா

அமரசிங்கத்தின் அரிசி மில் கந்தோர், இரவு எட்டரை.
மூன்றாம் நாளாக மார்கழி மழை.
உமித்தூசி படிந்த கணினியில்
எங்கள் சின்னக் கட்சியின் விஞ்ஞாபனத்தை
நான் தட்டிக்கொண்டிருந்தேன்.
முதல் வரி சுலபமாக வந்தது:
'நாங்கள் காக்க வந்தவர்கள்.'

எதை, என்றாள் ஞானசெல்வி.

ஒழுங்கை, என்றார் இளையதம்பிப் போடியார்.
எந்த ஒழுங்கை, கொங்கிறீட் போட்டதா போடாததா
என்று கேட்டான் பிளேன்ரீ கொண்டுவந்த பொடியன்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் மட்டும்,
திரைக்குப் பின்னால்.

அமரசிங்கம் சொன்னான்:
அரசாங்கம் எங்கட அடுப்படிக்குள் வரக்கூடாது.
வரி, லைசன், பரிசோதகர், ஒண்டும் வேண்டாம்.
விற்கிறவன் விற்கட்டும், வாங்கிறவன் வாங்கட்டும்.
அப்ப கோயிலடி பார்? என்றார் போடியார்.
அது அமரசிங்கத்தின் மச்சானுடைய பார்.
அப்ப உங்கட உர மானியம்? என்றான் அமரசிங்கம்.
அது வேற, என்றார்கள் இரண்டு பேரும்
ஒரே குரலில்.
அன்றைக்கு நாங்கள் ஏகமனதாய் நிறைவேற்றிய
ஒரே தீர்மானம் அது.

ஞானசெல்வி கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.
நாவலடியில் எங்கட வீடு அம்மாவின் சீதனம்.
தாய்வழியாய் ஐந்து தலைமுறை கை மாறி வந்தது.
கடல் கொண்டுபோனது.
புது வீட்டுக்கு உறுதி எழுத வந்தவர்
குடும்பத் தலைவர் ஆர் என்று கேட்டார்.
அப்பா கையை உயர்த்தினார், பாவம்,
அவருக்கே கூச்சம்.
வீடு பெண்ணுக்கு என்ற ஊர் வழக்கம்
ஒரு படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் முடிஞ்சுது.
அதை நான் திருப்பிக் கேட்டால்
புதுசு கதைக்கிறாள் என்கிறீங்க.
உங்கட பழசு எந்த ஆண்டில் தொடங்குது?

போடியார் மழையைப் பார்த்தார்.
மறுகா பாப்பம், என்றார்.

மறுகா.
பிறகு என்றும் அர்த்தம், மீண்டும் என்றும் அர்த்தம்.
எங்கள் கொள்கை முழுக்க இந்த ஒரு சொல்லுக்குள்
குந்தியிருக்கிறது என்று எனக்குப் பட்டது.
நானும் அதே ஆள்தான்,
எதையும் உடைக்கக் கை நீளாது.
முப்பது வருசம் உடைத்தவர்களைப் பார்த்தவன்.
உடைக்காமல் இருந்தே கெடுத்தவர்களையும்.

அப்போது முகத்துவாரத்திலிருந்து அழைப்பு, அந்தோனிப்பிள்ளை.
வாவி ஏறுது. வெட்டச் சொல்லிக் கச்சேரியில் கதை நடக்குதாம்.
வெட்டினால் இறால் முழுக்கக் கடலுக்கு.
ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்க,
கடல் தானாய்த் திறக்கும், எப்பவும் திறந்ததுதான்.

எழும்பி நின்றார் போடியார்,
வாழ்நாளில் ஒரு வேலிக் கதியாலைக்கூட நகர்த்தாத மனிசன்.
வெட்டு! இப்பவே வெட்டு!
நாற்பது ஏக்கர் வெள்ளாமை குடலைப் பருவத்தில் கிடக்கு!
அரசாங்கம் வேண்டாத அமரசிங்கம்
பெக்கோ அனுப்பச் சொல்லிக்
கச்சேரிக்கு அடித்துக்கொண்டிருந்தான்.

எவ்வளவு அகலம், என்றாள் ஞானசெல்வி.
அந்த இரவில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

விடியப்புறம் பெக்கோ மணலில் புதைந்தது.
ஆறு பேர் மண்வெட்டியால்
ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் இழுத்தார்கள்.
மத்தியானம் அது நூறு யார்.
முழம் எங்களுடையது. மிச்சம் தண்ணீருடையது.

வயல் தப்பியது, பாதி.
பின்னேரம் போடியார் வாடிக்குப் போய்
அந்தோனிப்பிள்ளையின் கையில் ஒரு கடித உறையை வைத்தார்.
அவன் அதைக் காய்ந்த வலைக்கு மேல் வைத்தான்.
பிரிக்கவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை.

விஞ்ஞாபனம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போனது.
முதல் வரிக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கு,
பிழையா, என்று கேட்டாள் அச்சகத்துப் பெண்.
கிடக்கட்டும், என்றேன்.