மலருக்குத் தராத பக்கம்

மலர்க் குழு கேட்டது இரண்டு பக்கம்,
படத்தோடு, பிழையில்லாமல்.
சங்கத்தின் வரலாறோ
கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் பின்னால்
தகரப் பெட்டியில் கிடக்கிறது:
எலி கடித்த ஏழு பேரேடு,
ஒரு முக்கோணக் கட்டுத்துணி,
யாருடையதென்று தெரியாத ஒற்றைச் செருப்பு.

முதல் வண்டி பேக்கரி வண்டி.
உசேன் பாய் அடுப்பை மூடிய வருடம்
பெள்ளி ஆலனுக்கு இருந்த கடனுக்கு ஈடாகக் கொடுத்தது.
தட்டுகளைக் கழற்றினோம்.
வர்க்கி வாசனையைக் கழற்ற முடியவில்லை.
குஞ்சப்பனை இறக்கத்தில்
கால் முறிந்து படுத்திருந்த தேவமணி
முனகலுக்கு நடுவே கேட்டாள்,
"அண்ணே, ஒண்ணு மிச்சமிருக்கா?"

ஸ்ட்ரெச்சர் என்று ஏட்டில் இருப்பது
இரண்டு தைலமரக் கம்பும் நான்கு தேயிலைச் சாக்கும்.
கணக்கப்பிள்ளை பார்க்காத நேரம்
சாக்கை எடுத்துத் தந்தவள் சிவனம்மா,
மண்டபம் முகாம் வழியாக வந்து
ஆறே மாதம் ஆனவள்.
நன்கொடைப் பட்டியலில் அவள் இல்லை.
எப்படி ரசீது போடுவது அதற்கு?

காரியதரிசி ஆலனுக்குத் தபால் ஆபீஸ் கையெழுத்து.
புறப்பட்ட மணி, வளைவு எண், மூட்டம் உண்டா இல்லையா,
கடைசிக் கட்டம்: முடிவு.
"இறந்தார்" என்று ஒருநாளும் எழுதியதில்லை.
"மெதுவாகத் திரும்பினோம்" என்று எழுதுவார்.
ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்,
நாற்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் எழுத வந்தது இதை.
எழுபத்தொன்பது ஐப்பசி,
கேரட் லாரி கவிழ்ந்த இரவு.
கிளீனர் பையன் பேசிக்கொண்டுதான் இருந்தான்.
ஊர் காரமடை என்றான், குளிருது என்றான்.
மற்றவர்கள் இறங்கி வருவதற்குள்
அக்குளில் கைகொடுத்து
ஒற்றையாளாகத் தூக்கினேன்.
எனக்கு இருபத்திரண்டு.
சான்றிதழ் வாங்கி ஒன்பது நாள்.
சின்னதாய் ஒரு சத்தம்.
"இப்பக் குளிரல" என்றான்.

ஏட்டில் அன்று: "சேர்த்தோம்."
மறுநாள் சுவரில் சாக்பீஸ் எழுத்து:
மூன்று பேர் வரும்வரை தூக்காதே.
தலையை ஒருவர் பிடி.
யாரால் வந்த விதி என்று ஆலன் எழுதவில்லை,
கேட்டவர்களிடம் சொல்லவுமில்லை.
நான்கு முறை வெள்ளையடித்தாயிற்று,
நான்கு முறையும் நானே திரும்ப எழுதினேன்.
பயிற்சிக்கு வரும் பிள்ளைகள்
கடகடவென்று ஒப்பிக்கிறார்கள்.

காரமடைக்கு மூன்று தடவை போனேன்.
இரண்டு தடவை தெருமுனையோடு சரி.
மூன்றாவதில் அவன் அம்மா தண்ணீர் தந்தாள்.
குடித்தேன்.

நூற்றெட்டு வந்தபின் வேலை குறைவு. நல்லதுதான்.
மூட்டம் இறங்கிவிட்டால்
அந்த டிரைவர் போன் செய்வார்,
கரிக்கையூருக்கு எந்த மரத்தில் திரும்ப என்று.
சொல்வேன்.
சில நாள் டார்ச்சோடு முன்னால் நடப்பேன்.

கேடயத்தோடு எடுத்த படம் இருக்கிறது,
அதைப் போடுங்கள்.
இந்தப் பக்கத்துக்கு இடமில்லையென்றால்
பேரேட்டில் ஒட்டிவிடுகிறேன்.
கம்பளி மூன்றைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.
நேற்றும் வெயில் இல்லை.
அடுப்புக்கு மேலே கொடியில் கிடக்கிறது,
ஓரம் இன்னும் ஈரம்.