இருநூறு மணி நேரம்

முதலில் பறப்பதில்லை.
முதலில் வரிசையில் நிற்க வேண்டும்,
சிறுநீர்க் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு.
கண், காது, பல், நடக்கும்போது முதுகு.
அப்புறம் அந்தப் புள்ளிப் படங்கள்.
எனக்கு எழுபத்து நான்கு தெரிந்த பக்கத்தில்
தவ்ஃபீக்குக்கு இருபத்தொன்று தெரிந்தது.
தயங்காமல் சொல்லியிருக்கிறான்,
கணக்கில் எப்போதும் முந்துகிறவன்.
"நல்லாப் பாருப்பா."
நன்றாகப் பார்த்தான். இருபத்தொன்றுதான்.

வெளியே பெஞ்சில் விடைகளை ஒப்பிட்டோம்,
பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்த மாதிரி.
ஆறாவது படத்தில் அவன் பேச்சை நிறுத்தினான்.

கொளப்பாக்கத்தில் எங்கள் வீடு.
விமானம் தாழ்ந்து போகிற தெரு,
அதனால் இரண்டாவது மாடிக்கு அனுமதி இல்லை.
உயரக் கூடாத அந்த வீட்டைத்தான்
நான் உயர அடகு வைத்தோம்.
பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மேலாளர்
"பொண்ணுக்கு வேலை நிச்சயமா?" என்றார்.
"லைசென்ஸ் நிச்சயம் சார்" என்றாள் அம்மா.
அதுவும் நிச்சயமில்லை என்று
நான் சொல்லவில்லை.

பல்லாவரத்தில் பேக்கரிக்கு மேலே வகுப்பு.
பன் வேகும் வாசனையில்
காற்றழுத்தம் படித்தேன்.
அந்த ஆண்டு ஏரி வற்றி
ஊரே குடத்தோடு வானம் பார்த்தது.
கிழக்கே கடல்மேல் கறுத்துத் திரண்ட மேகத்துக்குத்
தெருவே கைதட்டியபோது
நான் மட்டும் மனசுக்குள் சுற்றுவழி போட்டேன்:
இருபது மைல் இடப்பக்கம், உள்ளே நுழையாதே.

ரேடியோ பேச்சுக்குக் குளியலறை.
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
மக்கை மைக்காகப் பிடித்து
"விக்டர் டேங்கோ, விக்டர் டேங்கோ."
கீழ்வீட்டு அற்புதமேரி அக்கா
ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு
அம்மாவிடம் கேட்டாள்:
"யாருக்கா அந்த விக்டர்?"

பறக்கப் போனது வேறு ஊருக்கு.
விமானம் இரண்டு, மாணவர்கள் பதினேழு.
ஒன்று எப்போதும் வயிற்றைத் திறந்து கிடக்கும்.
பனி என்றால் இல்லை, காற்று என்றால் இல்லை,
பெட்ரோல் லாரி வரவில்லை என்றால் இல்லை.
அம்மா மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவள்.
இரவு போனில் ஒரே கேள்வி:
"இன்னிக்கு எத்தனை யூனிட்?"
பூஜ்யம் புள்ளி எட்டு என்பேன்.
"மழைக்காலத்துல அப்படித்தான் ஓடும்" என்பாள்.

பதினெட்டாவது மணியில் ஒருநாள்
பயிற்சியாளர் நஞ்சப்பா கதவைத் திறந்து
இறங்கி நடந்து போனார், திரும்பிப் பார்க்காமல்.
வலது இருக்கையில்
ஆளில்லாமல் கட்டிய பெல்ட்.
எண்பது கிலோ குறைந்த விமானம்
நான் எதிர்பார்த்ததற்கு முன்பே எழும்பிவிட்டது.
அதுவரை
அந்த எடையைத்தான் என் தைரியம் என்று
நினைத்திருந்தேன்.

மேலே என்ன தோன்றியது என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
எண்ணெய் அழுத்தம் பார்த்தேன்.
வேகம் பார்த்தேன்.
தொண்டை வறண்டது.
ஒரு குளம் மின்னியது, அது என் திருப்பத்துக்கு அடையாளம்.

இருநூறு மணி நேரம் சேர்ந்து
லைசென்ஸ் வந்து எட்டு மாதம்.
பெரிய விமானம் பழக இன்னொரு தொகை,
இன்னொரு வீடு இல்லை.
தவணை மட்டும் மாதம் ஐந்தாம் தேதி
சரியான நேரத்துக்கு வந்து இறங்குகிறது.
காத்திருக்கும் மணிகளுக்கு
லாக்புக்கில் கட்டம் கிடையாது.

நேற்று ராத்திரி தவ்ஃபீக் வந்திருந்தான்.
குரோம்பேட்டையில் மாமாவின் பெயின்ட் கடையில் இருக்கிறான்.
நிறத்துக்கெல்லாம் எண் இருக்கிறது,
எண் பார்த்து எடுத்துக் கொடுக்கிறானாம்,
இதுவரை தப்பவில்லையாம்.
மொட்டை மாடியில் நின்று
ஓடுபாதை ஓரத்து நாலு விளக்கைக் காட்டினேன்.
இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம்.
நாலும் சிவப்பு என்றால் ரொம்பத் தாழ்வு.

"இப்ப என்ன தெரியுது உனக்கு?"

நாலும் சிவப்பு.
தரையிலிருந்து பார்த்தால்
எப்போதும் அப்படித்தான்.

"அப்ப எனக்கும் சரியாத்தான் தெரியுது" என்று சிரித்தான்.
அதற்குள் பதினொன்றே முக்கால் விமானம்
துணிக்கொடியை ஆட்டிக்கொண்டு
தலைக்கு மேலே வந்தது.
இருவரும் குனிந்தோம்,
குனியத் தேவையில்லை என்று தெரிந்தும்.