பன்னிரண்டு சென்டிமீட்டர்

நான் நண்டு அளப்பவள்.
புன்டா அரேனாஸ் துறையில் படகு வந்து அணைந்ததும்
இரும்பு அளவுகோலை முள் ஓட்டின்மேல் வைப்பேன்.
பன்னிரண்டு சென்டிமீட்டர் என்றால் கூடைக்கு.
குறைந்தால் கடலுக்கு.
பெண் நண்டா, அளக்கவே வேண்டாம், கடலுக்கு.
வாதாட வரும் மாலுமிகளிடம் சொல்வேன்:
எண்ணுக்குச் சொந்தபந்தம் கிடையாது.

திங்கட்கிழமை இரத்தம் கொடுக்கப் போனேன்.
தெருமுனையில் நகராட்சி கட்டியிருந்த கயிற்றைப்
பிடித்துப் பிடித்து நடந்தேன்.
அக்டோபர் காற்று இங்கே ஆளைத் தூக்கும்.
ஒட்டிலியா ஊசி ஏற்றும்போது வானொலி சொன்னது:
காற்று மணிக்கு நூற்றுப்பத்து.
அன்று கேட்ட எண்களில்
அது ஒன்றுதான் எனக்கு விளங்கியது.

மாலையில் வந்தது:
பீட்டா ஹெச்.சி.ஜி., அறுபத்திரண்டு.
கீழே பொடி எழுத்தில் ஓர் அட்டவணை.
நான்காம் வாரம்: ஐந்து முதல் நானூற்று இருபத்தாறு வரை.
ஐந்துக்கும் நானூற்று இருபத்தாறுக்கும் நடுவில்
மகெல்லன் நீரிணையே ஓடலாம்.
இப்படியொரு அளவுகோலோடு நான் துறைக்குப் போனால்
அன்றைக்கே வேலை போய்விடும்.

டாக்டர் ஒயார்சுன் சொன்னார்:
ஒற்றை எண்ணுக்கு வாய் கிடையாது.
இரண்டாவது வந்தால்தான் பேசும்.
புதன்கிழமை வா. அதே கூடம், அதே இயந்திரம்,
முடிந்தால் அதே நேரம்.

டாங்கோவின் அக்காவோ இரட்டிப்பாகும் என்றாள்,
இரண்டே நாளில், ரொட்டி மாவு மாதிரி.
டாங்கோ சமையலறை ஜன்னலில் படிந்த ஆவியில்
விரலால் எழுதினான்: 124.
எழுதிவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

போன வருடம்
எண்பத்தெட்டு.
பிறகு ஐம்பத்திரண்டு.
பிறகு பதினொன்று.
ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும்
ஒன்றுமில்லாமல் ஆகும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.
கடைசித் தாளில் 'ஐந்துக்குக் கீழே'.
அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

புதன்கிழமை: நூற்று ஒன்று.

கூடத்தின் படிக்கட்டில் நின்றபடியே கழித்தேன்.
இருபத்து மூன்று குறைகிறது.
மறுபடி கழித்தேன், காற்று தப்பாகப் போட்டிருக்கும் என்று.
இருபத்து மூன்றேதான்.
வீட்டுக்குள் நுழையும்போது டாங்கோ என் முகத்தைப் பார்த்து
ஜன்னலைக் கைச்சட்டையால் துடைத்தான்.
அன்றைய சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டிருந்தான்.
இரண்டு பேரும் குடித்து முடித்தோம்.

இரவு எட்டு மணிக்கு டாக்டரின் அழைப்பு.
இரட்டிப்பு பலருக்கு நடக்கும், சட்டம் அல்ல.
இவ்வளவு சிறிய எண்ணில் தொடங்கினால்
இரண்டு நாளில் பாதி கூடினாலும் ஏற்கலாம்.
உனக்குப் பாதிக்கு மேலேயே கூடியிருக்கிறது.
'அப்படியென்றால் நல்லதா?'
கொஞ்ச நேரம் கம்பியில் காற்று மட்டும்.
'கெட்டது என்று சொல்ல முடியாதது.
எங்கே தங்கியிருக்கிறது என்று எண் சொல்லாது.
இதயம் துடிக்குமா என்றும் சொல்லாது.
அதற்கு ஸ்கேன் வேண்டும்,
ஸ்கேனில் தெரிய இன்னும் சில வாரம்.
ஒரு பக்கமாக வயிறு வலித்தால்,
தோள்பட்டை வலித்தால், தலை சுற்றினால்,
இரத்தம் கண்டால், விடியட்டும் என்று இருக்காதே.
வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்போம்.'

கெட்டது என்று சொல்ல முடியாதது.
படுக்கையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
என் தொழிலில் அப்படியொரு கூடை இல்லை.

வெள்ளி. காலை ஏழுக்கு இரத்தம், எட்டுக்குத் துறை.
பஞ்சு ஒட்டிய முழங்கை மடிப்பின்மேல் ரப்பர்ச் சட்டை.
பிற்பகலில் பர்ரியாவின் படகு வந்தது.
மூன்றாவது கூடையில் ஒன்று,
நல்ல சிவப்பு, கால் உதைத்தது.
அளவுகோலை வைத்தேன்.
பதினொன்று புள்ளி ஒன்பது.
'ஒரு மில்லிமீட்டர், சேனியோரா,' என்றார் பர்ரியா.
'கண்ணைச் சிமிட்டினால் சரியாகிவிடும்.'

அப்போதுதான் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது.
ஒருமுறை. நின்றது. மறுபடி.

கை முழுக்க ஈரம், உப்பு, முள்.
நண்டை விளிம்புக்கு எடுத்துப் போனேன்.
இத்தனை வருடத்தில் எத்தனை வீசியிருப்பேன்,
ஒன்றையும் நின்று பார்த்ததில்லை.
இன்று பார்த்தேன்.
சாம்பல் நீரில் விழுந்தது, ஒரு கணம் மிதந்தது,
பிறகு கால்களை விரித்துக்கொண்டு
தானாகவே கீழே போனது.
அளவு போதாமல். உயிரோடு.

இடது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தேன்.
பர்ரியா காத்திருந்தார்.
கூடையில் இன்னும் நாற்பது நண்டு.