கடல் மட்டத்துக் கணக்கு

எல் ஆல்தோவில் ஞாயிற்றுச் சந்தை.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
வண்டிகள் விற்கிற வரிசையில்
ரூஃபினோ யூக்ராவின் வெள்ளை டொயோட்டா வேன்.
முன்னால் பானெட் கிடையாது அதற்கு.
இருக்கையைத் தூக்கினால்தான் எஞ்சின்.

வாங்க வந்தவர் சமவெளிக்காரர்,
சாந்தா குரூஸிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் ஏறி வந்த
சவுசேதோ.
சோதித்துச் சொல்ல என்னைப் பிடித்தார்.
ஐம்பது பொலிவியானோ. பாதி முன்பணம்.

"சத்தமே இல்லையே, பூனை மாதிரி ஓடுகிறது" என்றார்.
ரூஃபினோ தன் தொப்பிக்குள் எதையோ தேடினான்.

சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தினேன்.
காயில் வயரைப் பிடுங்கினேன், இப்போது தீப்பொறி வேண்டாம்.
நான்கு பிளக்கையும் கழற்றி
கழற்றிய வரிசை குலையாமல் அட்டைமேல் வைத்தேன்.
முதல் துளையில் கேஜைத் திருகிவிட்டு,
"ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதியுங்கள், விடக் கூடாது,
காற்றுக்கு வாசல் முழுசாய்த் திறந்திருக்கணும்."
இருக்கை நிமிர்ந்து நின்றதால்
வெளியிலிருந்தே ஒரு காலை உள்ளே நீட்டி மிதித்தார்.
சாவியைத் திருப்பினேன்.

துஃப். துஃப். துஃப்.
ஆறு எண்ணி நிறுத்தினேன்.
நூற்றுப் பன்னிரண்டு.
அடுத்தது நூற்றுப் பத்து.
மூன்றாவது, எழுபத்து நான்கு.
நான்காவது நூற்றுப் பதின்மூன்று.

சட்டைப் பையிலிருந்து
நாலாய் மடித்த ஒரு கையேட்டுப் பக்கத்தை எடுத்தார் சவுசேதோ.
நூற்று எழுபத்தெட்டு என்றது அது.
"நாலுமே செத்துப்போச்சு."
அந்த இரண்டு சொல்லுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

அந்தப் பக்கம் கடலோரத்தில் எழுதியது, ஐயா.
அங்கே காற்று கெட்டி.
இங்கே பிஸ்டன் வாய் நிறைய அள்ளினாலும்
வயிறு நிறைவதில்லை.
இந்த உயரத்துக்குக் குறைத்துப் போட்டால்
என் முள் காட்டியதுதான் வரும்.
இரண்டு படி ஏறினால் உங்களுக்கும்தான் இரைக்கிறது,
யாராவது உங்களைப் பழைய இரும்புக்கு எடை போட்டார்களா?
மூன்று சிலிண்டருக்கு மலை பொறுப்பு.
எழுபத்து நான்குக்கு மலை பொறுப்பில்லை.

அந்தத் துளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன்.
ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடுக்கை அடைக்கும்,
முள் துள்ளும்.
மறுபடி ஆறு துஃப்.
எழுபத்தாறு.
துள்ளவில்லை. அப்படியானால் ரிங் அல்ல.
அக்கம்பக்கம் இரண்டும் நன்றாய் இருப்பதால்
கேஸ்கெட்டும் அல்ல.
மிச்சம் வால்வு.

அப்போதுதான் அந்தப் பூனை எனக்கு உறைத்தது.
பதினோரு வருடமாகப் பழகிய எஞ்சின் இது.
தையல் மிஷின்போல டிக் டிக்கென்று
தனக்குத்தானே பேசிக்கொண்டுதான் ஓடும்.

"ரூஃபினோ, நேற்று ராத்திரி மூடியைத் திறந்தாயா?"

"சத்தம் வந்தால் விலை விழும்னு
மச்சினன் சொன்னான்."

எல்லா ராக்கரையும் கொஞ்சம் கொஞ்சம் இறுக்கியிருக்கிறான்.
மூன்றாவதில் கை கூடிப்போயிருக்கிறது.
கதவிடுக்கில் விரல் வைத்தமாதிரி
மூடப் போய் மூடாமல் நிற்கிறது வால்வு.
ஃபீலர் தகடு நுழையவே இல்லை.
நட்டைத் தளர்த்தி, திருகை ஒரு மயிரிழை பின்வாங்கி,
தகடு லேசாய் உரசி வழுக்கும்வரை.
இரும்பு விரலைச் சுட்டது.
எட்டு வால்வுக்கும் அப்படியே.

நூற்று எட்டு.

பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்தேன்.
டிக் டிக் டிக் டிக்.

சவுசேதோ முகம் சுளித்தார்.
"நன்றாய் இருந்ததைக் கெடுத்துவிட்டாயே, அம்மா."

இதுதான் இதன் குரல் என்றேன்.
சமவெளிக்கு இறக்கிப் போய் அங்கே சோதியுங்கள்,
நூற்று எழுபதைத் தொடும்,
உங்களுக்கும் அங்கே மூச்சு சீராகும் என்றேன்.
அவர் காதில் டிக் டிக் மட்டும்.
"இந்தச் சத்தத்துக்கு முந்நூறு டாலர் குறை."

ரூஃபினோ அவரைப் பார்த்தான்.
ஓடுகிற எஞ்சினைப் பார்த்தான்.
பிறகு மெதுவாக
என் ஸ்பானர் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

ஸ்பானரை எடுத்துப் பையில் போட்டு
ஜிப்பை இழுத்தேன்.
மீதி இருபத்தைந்தை இன்னும் யாரும் தரவில்லை.