அமரம் பிடிப்பவள்

முட்டுக்காடு. மிதவை மேடையில்
குப்புறப் படுத்திருக்கிறேன்.
முகவாய்க்குக் கீழே பிளாஸ்டிக் பலகை,
அதற்குக் கீழே காயல்.
தன்னார்வலர் நாற்பத்தொன்று. சட்டை எக்ஸ்எல்.
மீடியம் எல்லாம்
கமிட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விட்டதாம்.

எனக்கு ஏழாவது தடம்.
பின்னோக்கி வருகிறது ஒரு படகு.
பதினான்கு கிலோ,
ஒரு பெட்டி வஞ்சிரத்தைவிடக் குறைவு.
அதன் அமரத்தை இரு கையாலும் பிடிக்கிறேன்.
இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது.
அணியம் நேராகும்வரை
ஒரு விரல் இந்தப் பக்கம், ஒரு விரல் அந்தப் பக்கம்.

முதுகு மட்டும்தான் தெரிகிறது.
நசீம் என்று எழுதியிருக்கிறது, கீழே ஈரான்.
தலைமூடியின் ஓரம் வியர்வையில் கறுத்திருக்கிறது.
வலது முழங்கால் பஞ்சுக் கட்டையில்,
இடது கால் முன்னால் ஊன்றி:
கும்பிடப் போனவள் பாதியில் எழுந்து
யாரையோ அடிக்கப் போவதுபோல.
அந்த இருப்பு எனக்குத் தெரியும்.
ஆறு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.
முழங்காலில் இன்னும் ஒரு ரூபாய் அகலத்துக்குக் காய்ப்பு.

நாலாவது தடத்தில் பவதாரணி.
மார்ச் மாதத் தேர்வில்
அவளுக்கும் எனக்கும் நடுவே
பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று.
படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள்.
அவள் படகின் மூக்கு,
பிறகு வெறும் தண்ணீர்,
பிறகு என் மூக்கு.
அந்த வெறும் தண்ணீர் ஒன்றேகால் மீட்டர் இருக்கும்.
ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாது அதில்.
நான் படுத்திருக்கிறேன், மார்ச்சிலிருந்து.

காலையில் இட்லி வரிசையில்
ஒரு கோச் சிரித்துக்கொண்டே சொன்னார்:
"ஏழா உனக்கு? கையில கொஞ்சம் பிசின் தடவிக்கோ."
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்து, சட்னி கேட்டேன்.
ஹீட்ஸில் நசீம் பவதாரணியைவிட
இருநூறில் ஒரு பங்கு வேகம்.

எங்கள் குப்பத்தில்
அமரத்தில் இருப்பவர் சொன்னால் சொன்னதுதான்.
மற்றவர்களுக்கு வலை, துடுப்பு, வசவு.
அவருக்குத் திசை.
இங்கே அமரம் பிடிப்பவளுக்கு ஒரே வேலை,
விடுவது.

காற்று கொஞ்சம் கூடுகிறது. சிவப்புக் கொடி.
காத்திருக்கச் சொல்கிறார்கள்.
எங்கள் ஊரில் இந்தக் கடல்காற்றுக்கும்
ஈரான் என்றுதான் பெயர்.
அவளிடம் சொல்ல எனக்கு மொழி இல்லை.
பாலத்தின் மேல் ஒரு பஸ், ஜன்னலெல்லாம் தலைகள்.

அப்போதுதான் விரலில் தட்டுப்பட்டது.
படகின் அடிவயிற்றில், என் கைக்குச் சற்று முன்னால்,
வழவழவென்று ஏதோ.
பாசி என்று நினைத்தேன்.
இழுத்தால் ஒரு மூலை மட்டும் வந்தது, பச்சை.
ஆவின் கவர்.

அவளுக்குத் தெரியாது.
நடுவருக்கு என் உச்சந்தலைதான் தெரியும்.
இருநூறு மீட்டருக்கு ஒரு பால் கவர்
எவ்வளவு நேரம் தின்னும்?
எனக்குத் தெரியும். தின்னக் கொடுத்திருக்கிறேன்.

கொடி இறங்கியது.
ரெடி.
தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டேன்.
படகு லேசாக ஆடியது.
அவள் திரும்பவில்லை, இடுப்பு மட்டும் இறுகியது,
என்னைத் திட்டியிருப்பாள்.
உரித்துவிட்டேன்.
செட்.

பிறகு கையில் எதுவும் இல்லை.

துடுப்பு தோண்டிய குழிகள்
ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன என்னை நோக்கி.
கடைசி அலை வாயில் அடித்தது, உப்பு.
இங்கிருந்து முடிவுக்கோடு தெரியாது.
ஒலிபெருக்கியைக் காற்று கிழித்துக் கிழித்துப் போடுகிறது:
நாலு... ஏழு... நாலு...
பிறகு கூட்டம் ஓவென்று கத்தியது.
யாருக்கென்று தெரியவில்லை.
பக்கத்துத் தடத்துப் பையன் கேட்டான்,
"இன்னாக்கா ஆச்சு?"

கவரைப் பிரித்துப் பார்த்தேன்.
அரை லிட்டர். தேதி நேற்றையது.
எக்ஸ்எல் சட்டையில் பாக்கெட்டே இல்லை.

அடுத்த ரேஸுக்கான படகு
பின்னோக்கி வந்துகொண்டிருக்கிறது.
கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டு கையையும் நீட்டுகிறேன்.