கண்ணில் படவில்லை

ஜனவரி. பதினொரு மணிக்குத்தான் விடிகிறது,
அதுவும் அரைமனதோடு.
இரண்டு மாதமாக மலைக்குப் பின்னால் நிற்கும் சூரியன்
வியாழக்கிழமை வந்துவிடும் என்றாள் ஹல்பெரா,
வரவேண்டிய சரக்கைப் பற்றிச் சொல்வது போல.
பிறகு கோப்பை என் பக்கம் தள்ளினாள்.

மீன் கம்பெனி ஒரு வருஷம் விட்ட மூச்சு அதில் இருந்தது:
நாற்பத்தொரு வரிசை,
கடைசியில் தடித்த எழுத்தில்
ஐயாயிரம் டன்.
ஆலைக்கு மின்சாரம் ஆற்றிலிருந்து,
வெந்நீர் பூமிக்குள்ளிருந்து.
"கப்பலின் டீசலை விட்டால்
எங்களிடம் எண்ண என்ன இருக்கிறது?"
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
சிரிப்புக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.

புகையைப் பார்ப்பதல்ல என் வேலை.
புகையைப் பார்த்தேன் என்றவர்களின்
காகிதத்தைப் பார்ப்பது.
ரசீதுகளைக் கூட்டினேன்.
லிட்டரைக் கிலோவாக்கி, கிலோவை டன்னாக்கி,
ஃபோர்க்லிஃப்ட் குடித்தது,
கோபன்ஹேகனுக்கு மூன்று முறை பறந்த இயக்குநர்,
குப்பைக்குப் போன செதிளும் குடலும்.
ஓரிடத்தில் இருபது கிலோ உதைத்தது. விட்டுவிட்டேன்.
நூற்றுக்கு ஐந்துக்குள் என்றால்
பிழையைப் பிழை என்று எழுத மாட்டோம்.

மறுநாள் கப்பல்.
எந்திர அறையில் ஓக்முந்துர்,
கையெல்லாம் கிரீஸ் என்று முழங்கையை நீட்டினார்.
உறைகிடங்குக்கு வாயு நிரப்பியது எப்போது?
அவர் ஹல்பெராவைப் பார்த்தார்.
ஹல்பெரா ஒரு குழாயைப் பார்த்தாள்.
குழாயில் உறைபனி பூத்திருந்தது.

மேல்தட்டில் எட்டி ஒரு நைந்த நோட்டை எடுத்தார்.
மார்ச்: இரண்டு சிலிண்டர்.
மே: மூன்று.
ஆகஸ்ட், புயலில் வால்வு உடைந்த இரவு: ஏழு.
பக்கத்தில் யாருடைய பிறந்தநாளோ, அடிக்கோடிட்டு.
"டீசல் கேட்டார்கள், டீசல் கொடுத்தேன்.
வாயுவை யாரும் கேட்கவில்லை."

நிறமில்லை. கசிந்தால் சத்தமுமில்லை.
ஒரு கிலோ வெளியே போனால்
ஏறத்தாழ நாலாயிரம் கிலோ கரிவாயு போனதற்குச் சமம்.
பன்னிரண்டு சிலிண்டர், பத்துப் பத்துக் கிலோ.
அங்கேயே, ஒரு மீன்பெட்டி மேல் உட்கார்ந்து பெருக்கினேன்.
நூற்றுக்கு ஒன்பது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
காற்றில் போனதை இங்கே அளந்து வைத்தது
ஒரு மொட்டைப் பென்சில்.

திரும்பும் வழியில் ஹல்பெரா மெதுவாகக் கேட்டாள்:
அடுத்த வருஷக் கணக்கில் ஏற்றினால் என்ன?
வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போக வேண்டும் இது,
எண் சின்னதானால் வட்டியும் சின்னது,
வட்டி சின்னதானால் இரண்டாம் ஷிஃப்ட் நிற்காது.
நான் பதில் சொல்லவில்லை.
சொல்லாததுதான் என் பதில் என்று அவளுக்கும் தெரியும்.

வியாழன், ஒன்று பன்னிரண்டு.
ஆலையில் பெல்ட்டை நிறுத்திவிட்டார்கள்.
ரப்பர் பூட்ஸோடு எல்லோரும் மாடி ஜன்னலுக்கு வந்தார்கள்,
கையில் ஜாம் தடவிய பான்கேக்.
மலையின் பல் இடுக்கில் ஒரு துளி பழுத்தது.
நாலே நிமிஷம்.
ஓக்முந்துர் தொப்பியைக் கழற்றினார், பிறகு போட்டுக்கொண்டார்.
யாரும் சரிபார்க்கச் சொல்லவில்லை.

அது மறைந்ததும் ஹல்பெரா உட்கார்ந்து
நாற்பத்திரண்டாவது வரிசையைத் திறந்தாள்.
எண்களை அவளே அடித்தாள்.
ஒன்பதாம் எண் விசையில் ஜாம் ஒட்டியது.

நான் கையெழுத்திட்டேன், எங்கள் வழக்கமான வாசகத்தின் கீழ்:
"பிழை உள்ளதென நம்பும்படி
எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை."
சரி என்று சொல்ல அதில் இடமில்லை.
தப்பு தெரியவில்லை என்பது வரைதான்
எனக்குச் சம்பளம்.

விமானம் ஃபியோர்டைச் சுற்றித் திரும்பியபோது
கீழே கப்பல் ஒரு அரிசியளவு.
அப்போதுதான் தோன்றியது:
நோட்டு மார்ச்சில் தொடங்கியது.
ஜனவரி, பிப்ரவரி?

கேட்டதாக நினைவு.
பையைத் திறந்து என் குறிப்புகளைப் புரட்டினேன்.
நினைவைத் தவிர
வேறு ஆதாரம் இல்லை.