மதிலுக்கு அந்தப்புறம் மூன்று

ஹாலிஃபாக்ஸ் சந்தையில்
நாலு பவுண்டுக்கு ஐம்பது குரோக்கஸ் கிழங்கு.
சின்ன வெங்காயத்திலும் சின்னது ஒவ்வொன்றும்,
நார்ச்சட்டை போட்டுக்கொண்டு,
உச்சியில் ஒரு கூர்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு.
காரின் பழைய மிதியடியில் முழங்காலை ஊன்றி
நான்கு விரற்கடை ஆழத்தில்
ஐம்பதையும் புதைத்தேன்.
விடிந்ததும் எண்ணினால்
பதினேழு குழி.

சாம்பல் அணில்
கொட்டகைக் கூரையில் உட்கார்ந்து
இரண்டு கையாலும் பிடித்து
என் காசைக் கொறித்துக்கொண்டிருந்தது.
மிளகாய்த்தூள் தூவச் சொன்னாள்
தபால் கொண்டுவரும் மேவிஸ்.
தூவினேன்.
யார்க்‌ஷயர் மழை அதை ஒரு மணி நேரத்தில்
சாக்கடைக்குப் பரிமாறிவிட்டது.
அப்புறம்தான் கோழிவலை, அதன்மேல் செங்கல்.

பிப்ரவரியில் வந்தவை
ஊதா பன்னிரண்டு, மஞ்சள் நான்கு.
மஞ்சளைக் குருவிகள் கிழித்துப் போட்டன
(ஊதாவை ஏன் விட்டன, தெரியாது).
மிச்சமிருந்தவை
மழை வந்தால் மடங்கிக்கொள்ளும்
விசித்திரக் குடைகள்.

மாடி ஜன்னலைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன்,
அக்ராய்டின் புல்தரையில், நட்ட நடுவில்,
மூன்று.
என்னுடையவை.
புல்லின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கும் மனிதர்.
கூரைத் தண்ணீர்க் குழாய் யாருடையது என்ற சண்டையில்
ஏழு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.
அணிலுக்கு அது யார் சொல்வது?

மார்ச்சில் ஈரம் காய்ந்த முதல் சனிக்கிழமை
இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
திரைக்குப் பின்னால் நின்றேன்,
கையில் ஈரத்துணி சொட்டச் சொட்ட.
மூன்றின் முன்னே வந்ததும்
அணைத்தார்.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
பிறகு சுற்றி வளைத்து வெட்டிக்கொண்டு போனார்.

பூ உதிர்ந்தும் வெட்டவில்லை.
இலை பழுத்துச் சாயும்வரை விடவேண்டும் என்று
யார் சொன்னார்களோ அவருக்கு.
ஒட்ட வெட்டிய தலையில்
நாவிதர் மறந்துபோன குடுமி மாதிரி
மே மாதம் வரை அந்தத் திட்டு.

இந்தச் செப்டம்பரில்
மதிலுக்கு மேலே முதலில் ஒரு காகிதப் பை,
பிறகு தொப்பி,
பிறகு அவர்.
"எந்தப் பக்கம் மேலே?"

"கூர் மேலே," என்றேன்.
"தெரியாவிட்டால் படுக்க வையுங்கள்,
அதுவே பார்த்துக்கொள்ளும்."

"வலை இருக்கா?"

இருந்தது. கொடுத்தேன்.
இருவருமே கொட்டகைக் கூரையை ஒருமுறை பார்த்தோம்.
குழாயைப் பற்றி யாரும் எடுக்கவில்லை.
அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது
பாதி அவர் பக்கம்,
பாதி என் பக்கம்.